விதைப் பள்ளத்தில் கொட்டிய கூடைகள்

எங்கள் பக்கத்தில் மட்டி தின்பவர்களில் இரண்டு வகை உண்டு. தின்கிறவர்கள் ஒரு வகை. தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறவர்கள் இன்னொரு வகை. எட்டாம் வகுப்பு வரை நான் முதல் வகையில் இருந்தேன். ஒரு நாள் மேலத்தெருப் பெண் ஒருத்தி என் தூக்குவாளியைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். மறுநாளே இரண்டாம் வகைக்கு மாறிவிட்டேன். அரசாங்க வேலை கிடைத்தபோது அந்த வகையிலேயே என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

மட்டி என்றதும் கடல் மட்டியை நினைக்க வேண்டாம். கடல் மட்டிக்கு ஒரு கௌரவம் உண்டு. பூரணாங்குப்பம் பக்கத்திலிருந்து கூடையில் வரும். விலை பேசி வாங்குவார்கள், விருந்தாளி வந்தால் சமைப்பார்கள். நான் சொல்வது ஏரி மட்டி. கறுத்த ஓடு, உள்பக்கம் மட்டும் பளபளப்பு, சேற்றில் பாதி உடம்பு புதைந்து கிடக்கும். யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். காசு கொடுத்து வாங்காத எதையும் தின்பது கேவலம் என்று எங்கள் ஊரில் ஒரு சட்டம் இருந்தது. எழுதி வைக்கவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் மனப்பாடம்.

பாகூர்ப் பெரிய ஏரியைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசும். எங்களுடையது பேர் சொல்லும்படியான ஏரி இல்லை. மழைக்காலத்தில் கடல்போல நிற்கும், பங்குனி பிறந்தால் ஆட்டுக்குட்டி நடந்து கடக்கும். அந்தப் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் நடவு இல்லை, களை இல்லை, அறுப்பு இல்லை. கூலி வேலைக்குக் கூப்பிட ஒரு நாய் வராது. எங்கள் தெருவில் அந்த மூன்று மாதமும் குழம்பு என்றால் மட்டிக் குழம்புதான். அப்பா நான் சின்னவளாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்ததில் அந்த ஏரிக்குப் பாதிப் பங்கு, அம்மாவுக்குப் பாதிப் பங்கு.

அம்மாவையும் சேர்த்துப் பத்துப் பெண்கள் போவார்கள். முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்று, பக்கவாட்டில் நண்டுபோல நகர்வார்கள். கை வேலை செய்யாது, கால்தான். கட்டைவிரல் சேற்றைத் துழாவும். மட்டி தட்டுப்பட்டால் குனிந்து எடுத்து, மூன்று விரலைச் சேர்த்து ஓட்டின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். மூன்று விரலுக்கு மேல் இருந்தால் கூடைக்கு. குறைந்தால் திரும்பச் சேற்றுக்கு. அதையும் வீசி எறியக் கூடாது. மட்டி நடப்பதற்கு வெளியே நீட்டுகிற சதையை நாக்கு என்பார்கள். அந்த நாக்கு இருக்கிற பக்கம் கீழே போகும்படி, நாற்று நடுவதுபோல நட வேண்டும். படுக்கப்போட்டால் சின்ன மட்டி எழுந்திருக்கத் தெரியாமல் செத்துப்போகும் என்பது அம்மாவின் கட்சி.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. மதகுக்கு அடியில் ஒரு பள்ளம். ஏரி முழுக்கக் காய்ந்தாலும் அதில் மட்டும் இடுப்பளவு தண்ணீர் கிடக்கும். விதைப் பள்ளம் என்று அதற்குப் பேர். அதில் யாரும் காலை வைக்கக் கூடாது. காய்ந்த ஏரியில் மட்டியெல்லாம் செத்துப்போனாலும் அதில் இருப்பது பிழைத்துக்கிடக்கும், மழை பெய்ததும் அதிலிருந்துதான் ஏரி முழுக்க மறுபடி பரவும். அந்தப் பள்ளம் போனால் அடுத்த வருஷம் மட்டி கிடையாது. இது எங்கள் தெருவில் நாலு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். செலியமேட்டிலிருந்து வாழவந்த புதுப்பெண் ஒருத்திக்கு மட்டும் தெரியவில்லை. பாவம், அந்தப் பள்ளத்தில் இறங்கிக் கூடையை நிரப்பிக்கொண்டு சிரித்தபடி கரையேறினாள்.

"வெத நெல்ல அவிச்சித் துன்னுவியாடி நீ? ஒங்க ஊட்ல அப்பிடித்தான் வளத்தாங்களா?" என்று ஆரம்பித்தாள் அம்மா. அதற்கு மேல் அவள் சொன்னதை அச்சில் போட முடியாது. அந்தப் பெண் ஏரிக்கரையின் அந்தக் கோடிவரை ஓடினாள். அப்புறம் அம்மாவே போய்க் கூட்டிவந்து, எடுத்த மட்டியை ஒவ்வொன்றாக அவள் கையாலேயே நடவைத்தாள்.

இப்படிப்பட்டவளுக்குப் பிறந்த நான் கிராம சேவிகா ஆனேன். எழுபதுகளின் நடுவில் அது பெரிய வேலை. கஞ்சி போட்ட காட்டன் புடவை, குடை, தோளில் பை, பைக்குள் சுருட்டிய படங்கள். ஊர் ஊராகப் போய்ப் புகையில்லாத அடுப்பு கட்டச் சொல்வேன். சத்துணவு வகுப்பு எடுப்பேன். படத்தில் ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு துண்டு இறைச்சி. "உங்கள் சாப்பாட்டில் புரதம் போதாது" என்று, காலையில் மட்டிக் குழம்பு தின்றுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குப் பாடம் சொல்வேன். நானும் அதையேதான் தின்றுவிட்டு வந்திருப்பேன். ஆபீசுக்குக் கிளம்புமுன் இரண்டு முறை பல்பொடி போட்டுப் பல் விளக்குவது மட்டும்தான் எனக்கும் அவர்களுக்கும் வித்தியாசம். படத்தில் மட்டி இல்லையே என்று ஒருத்தி கேட்டாள். அதெல்லாம் கணக்கில் வராது என்று சொன்னேன். வெட்கமே இல்லாமல் சொன்னேன்.

அம்மாவுக்கு என் வேலையில் பெருமை. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசைக் கடைசிவரை அவள் மேரி என்றுதான் சொன்னாள். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பேச்சு. நான் வேலை பார்த்தது அந்த ஆபீஸ் இல்லை, பக்கத்துக் கட்டடம். அதெல்லாம் அவளுக்கு ஒன்றுதான். "எம் பொண்ணு மேரில கீறா" என்று கேட்காதவர்களுக்கும் சொல்வாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். வடக்கத்தி மனிதர், சின்ன வயசு. வணக்கம், சாப்பிட்டாச்சா, ரொம்ப நன்றி என்ற மூன்றையும் கற்றுக்கொண்டு தமிழ்நாடு புதுவை இரண்டையும் ஜெயித்துவிட்டதாக நினைத்தவர். கெட்டவராக இருந்திருந்தால் கவலை இல்லை. வாங்குவதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பார். இவர் நல்லவர். காலை எட்டரைக்கே ஆபீசுக்கு வந்துவிடுகிற அளவுக்கு நல்லவர். நல்லவரை யார் தடுப்பது?

எங்கேயோ ஒரு பயிற்சிக்குப் போய்வந்தவர், கையில் ஒரு புத்தகத்தோடு திரும்பினார். ஏரி மட்டி நாள் முழுக்கத் தண்ணீரை உறிஞ்சி, அழுக்கைத் தின்று, சுத்தம் பண்ணி வெளியே விடுகிறதாம். குஞ்சு மட்டி மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு ஊர்கோலம் போகிறதாம். உலகம் முழுக்க மட்டி அழிந்துகொண்டு வருகிறதாம், காப்பாற்ற வேண்டுமாம். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. எனக்கே உடம்பு சிலிர்த்தது. பல்பொடி போட்டுத் தேய்த்து மறைத்த சமாச்சாரத்தை ஒருவர் ஆங்கிலத்தில் புகழ்கிறாரே!

ஏரிக்கரையில் கூட்டம் போட்டார்கள். ஷாமியானா, மைக், எலுமிச்சம் ஜூஸ். முன்வரிசையில் ஏரிச் சங்கத் தலைவர். அவருடைய டிராக்டர்தான் வருஷாவருஷம் ஏரிச் சேற்றை வாரிச் செங்கல் சூளைக்குக் கொண்டுபோகும். அவருக்குப் பக்கத்தில் மீன் குத்தகைக்காரர். கடைசி மீனைப் பிடிக்கத் தண்ணீரில் மருந்து கலக்கிறவர். அப்புறம் நாலைந்து நிலக்காரர்கள். அவர்கள் வயலில் அடித்த பூச்சிமருந்து வடிந்து ஏரிக்குத்தான் வரும். அதிகாரி புத்தகத்தைத் தூக்கிக் காட்டிப் பேசினார். நான் தமிழில் சொன்னேன். கடைசியில், "மட்டி எதனால் குறைகிறது?" என்று கேட்டார்.

முன்வரிசை கொஞ்ச நேரம் ரொம்ப ஆழமாக யோசித்தது. பிறகு சங்கத் தலைவர் எழுந்து, வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு, தூரத்தில் புளியமரத்தடியில் நின்றிருந்த எங்கள் தெருப் பெண்களைக் காட்டினார். "அதுங்கதான் சார். கூட கூடயா அள்ளிகினு போயி துன்னுதுங்க." முன்வரிசை முழுக்கத் தலையாட்டியது. ஐயோ, அதைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு ஒற்றுமையை எங்கள் ஊர்த் தேர்தலில்கூட நான் பார்த்ததில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். மொழிபெயர்ப்பது என் வேலை.

பத்து நாளில் மதகுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பலகை நின்றது. ஆபீசிலேயே என் தமிழ்தான் நல்ல தமிழ் என்று வாசகத்தை என்னை எழுதச் சொன்னார்கள். 'மட்டி நம் செல்வம். மட்டி எடுப்போர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.' பெயிண்டர் அதைச் சிவப்பில் எழுதி, சும்மா கிடந்த இடத்தில் ஒரு தாமரையும் போட்டுக்கொடுத்தார்.

"இன்னாடி எழுதிருக்கு பலகையில?" என்று அம்மா கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"மட்டியக் காப்பாத்தணும்னு எழுதிருக்கும்மா."

"நல்லதுதான. யாருகிட்டருந்து?"

நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். "உங்ககிட்டருந்துதான்."

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "எங்ககிட்டருந்தா! சரிதான் போ. அந்தப் பள்ளத்துல காலு வச்சான்னு ஒரு பொண்ணையே ஓட ஓடத் தொரத்துனவ நானு. டிராக்டரு வச்சி வாரிகினு போறானே, அவனுக்கு ஒரு பலக இல்லியா?"

"அது ஏரிய ஆழப்படுத்தற திட்டம்மா."

"அட்ரா சக்க!" என்றாள் அம்மா. "மட்டியோட சேத்து ஆழப்படுத்தறானா?"

வாசகம் எழுதினது நான்தான் என்பதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அதற்குள் எனக்கு நல்ல பழக்கம் வந்திருந்தது.

சித்திரை வந்தது. பலகை வைத்தால் வயிறு அடங்கிவிடுமா? பெண்கள் வழக்கம்போல ஏரியில் இறங்கினார்கள். காவலுக்குப் போட்டிருந்த ஆள் சைக்கிளில் பறந்து வந்து ஆபீசில் சொல்ல, ஜீப் கிளம்பியது. முன்னால் அதிகாரி, கழுத்தில் கேமரா. பின்னால் நான். ஜீப் ஓட்டினவர் எங்கள் ஊர் மேலத்தெருக்காரர். அம்மாவை அவருக்கு முகம் தெரியாது. மேலத்தெருக்காரர்களுக்கு எங்கள் தெருவில் யார் முகமும் தெரியாது.

ஜீப் கரையில் நின்றதும் பத்துப் பெண்களும் நிமிர்ந்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். பார்த்த உடனே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். மற்ற ஒன்பது பேரும் அப்படியே செய்தார்கள். என்னை இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்த பெண்கள், அத்தையும் சித்தியும் பெரியம்மாவுமாக உறவு சொல்லிக் கூப்பிடுகிற பெண்கள், ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. என் வேலைக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாது என்று அந்த ஒரு நொடியில், ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே முடிவு செய்துவிட்டார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு நிம்மதியாக இருந்தது.

கூடைகளைப் பறித்தார்கள். அதிகாரி யாரையும் திட்டவில்லை, பிடித்து வைக்கவில்லை. அவர் நோக்கம் மட்டிகளுக்கு விடுதலை கொடுப்பது. ஆழமான தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். மதகடியில் இருந்தது. கூடைகளை மதகின் மேல் ஏற்றச் சொன்னார், அங்கிருந்து கொட்டினால் படம் நன்றாக வரும்.

அப்போதுதான் அம்மா கத்தினாள். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயா, அங்க கொட்டாத ஐயா! அது வெதப் பள்ளம். குமிச்சிக் கொட்டுனா அடியில கெடக்கறது மூச்சுமுட்டிச் செத்துப்பூடும். அழுவிப் போயி தண்ணியே கெட்டுப்பூடும் ஐயா, உள்ள கீற வெதையும் போய்டும். எங்ககிட்ட குடு. நாங்களே ஒண்ணொண்ணா நட்டு வுட்டுடறோம். நாக்கு கீழ இருக்கணும் ஐயா!"

அதிகாரிக்கு அதில் 'ஐயா' மட்டும் புரிந்திருக்கும். என் பக்கம் திரும்பி, "என்ன சொல்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் சொல்லியிருக்கலாம். அவருடைய புத்தகத்தில் இல்லாத நாலு விஷயத்தை அந்த ஒரே மூச்சில் சொன்னாள் அம்மா. சொன்னால், இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். பக்கத்தில் டிரைவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். நாளைக்கு ஆபீசில் என் தூக்குவாளியைப் பார்த்து மூக்கைப் பொத்துவார்கள். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்ததா என்று பல வருஷம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

"கூடையைத் திருப்பிக் கேக்கறாங்க சார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"ஓ, தாராளமாக!" என்றார் அந்த நல்ல மனிதர். பத்துக் கூடை மட்டியையும் விதைப் பள்ளத்தில் கொட்டிவிட்டு, வெறும் கூடைகளை அவர் கையாலேயே ஒவ்வொருத்திக்கும் திருப்பிக்கொடுத்தார். அம்மாவிடம் கொடுக்கும்போது, "ரொம்ப நன்றி" என்று தமிழில் சொன்னார். அம்மா கூடையை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அப்போதும் யாரோ மேரிக்காரியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

அதோடு விட்டார்களா? விதைப் பள்ளத்துக்குப் 'பாதுகாப்பு மண்டலம்' என்று பேர் வைத்தார்கள். அந்த வாரம் முழுக்கப் பக்கத்து ஊர் வாய்க்கால்களில் பெண்களிடம் பறித்த மட்டியையும் ஜீப்பில் கொண்டுவந்து அதிலேயே கொட்டினார்கள். பள்ளத்துக்குள் மட்டி மேட்டுத்திட்டாக ஏறியது. ஐந்தாம் நாள் தண்ணீர் கறுத்தது. ஆறாம் நாள் நாற்றம் மேலத்தெருவுக்கு எட்டியது. அதனால்தான் ஏழாம் நாள் அது ஒரு பிரச்சினை ஆயிற்று.

சங்கத் தலைவர் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னார். நாற்றம் போக வேண்டுமே. இரண்டு மூட்டை வந்தது. மட்டிகளைக் காப்பாற்றுகிற ஆர்வத்தில் சாகாமல் மிச்சம் இருந்தவை எவையோ, அவையும் அன்றைக்கு அடங்கின. மீன் வெள்ளை வெளேரென்று மல்லாந்து மிதந்தது. அம்மா கரையில் வெறுங்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து மத்தியானம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊறுகாயை வைத்துக்கொண்டு சோறு தின்றோம்.

ஆபீசில் அறிக்கை போயிற்று. பறிமுதல் செய்து பாதுகாப்பாக விடுவித்த கூடைகள் இத்தனை என்று அதில் இருந்தது. விடுவித்த பிறகு என்ன ஆயின என்று அறிக்கையில் ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை யாரும் கேட்கவும் இல்லை. எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. உள்ளூர் மக்களின் கருத்துகளை அதிகாரிகளுக்குச் சரியாக எடுத்துச் சொன்னதற்காகவாம். படித்துவிட்டுக் கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. மழைக்கு என்ன தெரியும், அது பாட்டுக்கு வந்தது. மறுபடி பங்குனி வந்ததும் பெண்கள் பலகையைத் தாண்டி இறங்கினார்கள். பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து ஏரியையே அளந்தார்கள். காலில் தட்டுப்பட்டதெல்லாம் வெறும் ஓடு. உயிரோடு இருக்கும் மட்டி காலைக் கிழிக்காது, உடைந்த ஓடு கிழிக்கும். பத்துப் பேரும் காலில் ரத்தத்தோடு கரையேறினார்கள். அந்தச் சித்திரையில் நாலு பேர் செங்கல் சூளைக்குக் கல் தூக்கப் போனார்கள். சங்கத் தலைவர் டிராக்டர் மண் கொட்டுகிற அதே சூளை. காவல்காரர் மட்டும் ஒரு நாள் தவறாமல் வந்து, இல்லாத மட்டிக்குக் காவல் இருந்துவிட்டுப் போனார்.

அம்மா சூளைக்குப் போகவில்லை. நெட்டப்பாக்கம் பக்கத்தில் சின்னம்மா வீடு இருந்தது. அங்கே போய் நாலு நாள் தங்கிவருகிறேன் என்றாள். நான் பஸ் ஏற்றிவிட்டேன். நாலாம் நாள் அவள் திரும்பியது எனக்குத் தெரியாது. நனைந்த கோணிச் சாக்கோடு பஸ்ஸில் ஏறினாளாம். தண்ணீர் சொட்டுகிறதே, உள்ளே என்ன மீனா என்று கண்டக்டர் சத்தம் போட்டாராம். "மட்டிப்பா. மடியில வச்சிக்கறேன், ஒனக்கு இன்னா?" என்று சாக்கைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாளாம். பாகூர் வரும்வரை புடவை நனைய நனைய அப்படியே வந்திருக்கிறாள். இதெல்லாம் பிற்பாடு அந்தக் கண்டக்டர் எனக்குச் சொன்னது.

ஆபீசுக்குச் செய்தி வேறு மாதிரி வந்தது. மட்டி திருடிய ஒருத்தி பிடிபட்டாள், பாதுகாப்பு மண்டலத்துக்குள்ளேயே, சாக்கும் கையுமாக. ஒரு வருஷமாக வேலையில்லாமல் இருந்த காவல்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதிகாரிக்கும் கோபம். ஜீப் கிளம்பியது. நானும் ஏறினேன். யாராக இருக்கும் என்று வழியெல்லாம் யோசித்தேன். அம்மாதான் நெட்டப்பாக்கத்தில் இருக்கிறாளே!

விதைப் பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் அம்மா நின்றிருந்தாள். ஒரு கை சாக்கை அணைத்திருந்தது. இன்னொரு கையைக் காவல்காரர் கரையிலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"எங்கிருந்து எடுத்தார் என்று கேளுங்கள்" என்றார் அதிகாரி என்னிடம்.

நான் கேட்கவில்லை. ஆங்கிலம் புரியாவிட்டாலும் என்ன கேட்டிருப்பார் என்று ஊகித்து அம்மாவே பதில் சொன்னாள். என் முகத்தைப் பார்த்து, சாக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் கும்பிட்டு, அரசாங்க ஆளிடம் எப்படிப் பேசுவார்களோ அப்படிப் பேசினாள்.

"நான் எடுக்கல மேடம். வுடறேன். கொஞ்சம் சொல்லுங்க மேடம்."

பெற்ற தாய் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு என்னை மேடம் என்று கும்பிடுகிறாள். எதற்கு? எனக்கு மாசம் பிறந்தால் சம்பளம் வர வேண்டும் என்பதற்கு. என் கஞ்சி போட்ட புடவையைத் தீ வைத்துக் கொளுத்த வேண்டும்போல இருந்தது.

"அவங்க என் அம்மா சார்" என்றேன். ஆங்கிலத்தில் சொன்னேன், அப்புறம் டிரைவருக்கும் காவல்காரருக்கும் கேட்கும்படி தமிழிலும் சொன்னேன். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. போன வருஷம் அம்மா கூடையைக் கேட்கவில்லை, பள்ளத்தில் கொட்டாதே என்று கெஞ்சினாள். நான் பொய் சொன்னேன். நாங்கள் மட்டி தின்கிறவர்கள், நானும் தின்று வளர்ந்தவள். இந்த ஏரியில் மட்டி இத்தனை காலம் இருந்ததற்குக் காரணம் இவர்கள் போட்ட கட்டுப்பாடு. அது செத்ததற்குக் காரணம் நாம் இரண்டு பேர். ஒரு இடத்தில் மூச்சு வாங்கினேன், மிச்சத்தையும் சொன்னேன்.

அதிகாரி பள்ளத்தின் விளிம்புவரை வந்து உள்ளே பார்த்தார். "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிறகு காவல்காரரைக் கையை எடுக்கச் சொன்னார். உறவை மறைத்ததற்கும் தவறான தகவல் கொடுத்ததற்கும் விளக்கம் கேட்டு மெமோ வரும் என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். மெமோ மூன்றே நாளில் வந்தது. எங்கள் ஆபீசில் அவ்வளவு சீக்கிரமாக நடந்த ஒரே வேலை அதுதான்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினேன். சேறு முழங்கால்வரை வாங்கியது.

"பாவி, வேலையக் கெடுத்துக்கினியேடி!" என்று அம்மா பல்லைக் கடித்தாள். "வாய மூடிகினு இருந்தா இன்னா? நான் எதையாவது சொல்லி சமாளிச்சிகினு போயிருப்பேன்ல?"

நான் சாக்குக்குள் கைவிட்டு ஒரு மட்டியை எடுத்தேன். பாசியும் ஈரமுமாக இருந்தது, உயிர் இருந்தது. சேற்றைத் துழாவி வைத்து அழுத்தினேன். "திருப்பி வையி, தலகீழா கீது பாரு" என்றாள். திருப்பி வைத்தேன். காலால் பழைய ஓடுகளை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்துக்கொண்டே வந்தாள். டிரைவரும் காவல்காரரும் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பிறகு, குனிந்த தலையை நிமிர்த்தாமல், சேற்றுக்குள் கையை வைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "போன வருசம் அந்த ஐயா கேட்டப்பவே இத்த சொல்லிருந்தீன்னா, இம்மாந் தூரம் நான் தூக்கிகினு வந்திருக்க வேணாம்ல."

திட்டவில்லை. இடுப்பு வலிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். ஒரு வருஷமாக எனக்குச் சோறு போட்டு, எண்ணெய் தேய்த்துவிட்டு, மேரிக்கு நேரமாயிற்று என்று விரட்டிய ஒவ்வொரு நாளும் அது அவளுக்குள் இருந்திருக்கிறது. எனக்கு வெடித்துக்கொண்டு வந்தது. நடுத் தண்ணீரில் நின்று, அத்தனை பேர் பார்க்க, சின்னப் பிள்ளைபோல அழுதேன்.

"அய்ய, சேத்துக் கையால கண்ணத் தொடைக்காத" என்றாள் அம்மா. "வெயிலு ஏறுது பாரு, சாக்குல கீறது காஞ்சிபூடும். குனி."